எந்த இல்ல?

வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான வினாயகமூர்த்தி சேருக்கு எல்லாமே வேண்டியிருந்தது. வரைபடம் வேண்டும், கைரேகை வேண்டும், வீடு கட்டி முடிந்ததும் வீட்டுக்காரரின் தொலைபேசிக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகவேண்டும். "அப்பிடியே மழை வாறதையும் முன்னுக்கே சொல்லுற மாதிரி ஒண்டு போட்டு விட்டா நல்லம், ஏர்ல்" என்றார். ஏர்ல் சிரிக்கவில்லை. மென்பொருள் வேலையில் முதல் கூட்டம் கலியாணம் பேசுகிற மாதிரித்தான். கேட்கிறவர் எல்லாவற்றையும் கேட்பார், கொடுக்கிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், சண்டை பிறகு வரும். அந்தச் சண்டை வராமல் இருக்கத்தான் என்னென்ன செய்வோம், என்னென்ன செய்யமாட்டோம் என்று முதலே எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதற்கு ஸ்கோப் என்று பெயர். காலையிலிருந்து ஏர்ல் "அது ஸ்கோப்புக்கு வெளிய, சேர்" என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோயிருந்தான்.

மட்டக்களப்பு நாவற்குடாவில், வாவிக்காற்று வந்து காகிதங்களைக் கலைக்கிற ஒரு மாடி அறை அது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனம், பிறகு மூண்ட யுத்தத்தில் அந்த வீடுகளும் உடைந்துபோக, திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுனாமிக் குடும்பங்களின் பதிவு ஒரு பக்கம், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பதிவு இன்னொரு பக்கம், இரண்டிலும் இருக்கிற குடும்பங்கள் பாதிக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அனுப்பவேண்டும். கொழும்புக் கம்பனி ஏர்லை அனுப்பியதற்குக் காரணம் அவன் மட்டக்களப்பான் என்பதுதான். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியாக இருந்தாலும் ஊர்ப் பேச்சு அவனுக்குத் தண்ணிபட்ட பாடு என்று மனேஜருக்கு நம்பிக்கை.

மாதிரிக்கு என்று வாகரைப் பதிவுகள் கொஞ்சத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக் கொண்டுவந்திருந்தான். புரொஜெக்டரைப் போட்டதும் சுவரில் பெயர்கள் விழுந்தன. வினாயகமூர்த்தி சேர் "சோக்கா இரிக்கி" என்றார். கதவடியில் இதுவரை வாய் திறக்காமல் இருந்த கண்ணகை எழும்பினாள். வாகரையில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்த விபரங்களைச் சேர்த்தவள் அவள்தான். அவளும் வாகரைக்காரி, அவளுடைய குடும்பமும் அந்தப் பதிவில் இருந்தது. சுவருக்குக் கிட்டப் போனாள். புரொஜெக்டரின் வெளிச்சம் அவளுடைய முதுகில் விழ, எழுத்துகள் சேலையில் ஏறிக்கொண்டன.

கண்ணகை: உயிருடன் உள்ளார். யதுர்ஷன், மகன்: இறந்தவர்.

"ஆரு சேர் இவனைச் சாக்காட்டின?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏர்லுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பதிவில 'இல்ல' எண்டு இருந்திச்சி, அக்கா."

"நான்தானே எழுதின. அவன் இஞ்ச இல்ல எண்டு எழுதின."

வாகரைச் சனம் வாயால் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள். இருக்கார். கட்டாருல. இல்ல. கொம்பியூட்டருக்கு அப்படிப் பேசினால் விளங்காது. அதனால் 'இல்ல' என்று வருகிற இடத்திலெல்லாம் 'இறந்தவர்' என்று மாற்றும்படி ஒரு விதி எழுதியிருந்தான் ஏர்ல். எழுதும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொழும்புப் பொடியன்மார் யாராவது செய்திருந்தால் 'இல்ல' என்றால் என்ன என்று தொலைபேசி எடுத்துக் கேட்டிருப்பார்கள். அவனுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஸொறி, அக்கா. மாத்தித் தாறன்" என்றான். என்னவென்று மாற்றுவது? அந்த இடத்தில் இரண்டே சொற்கள்தான் வைத்திருந்தான். உயிருடன் என்று போட்டால் ஆள் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும்.

"காணாமல் போனவர் எண்டு ஒண்டு போடுவமே" என்றார் வினாயகமூர்த்தி சேர். நல்ல மனிதர்.

"அவன் காணாமப் போகல்ல, சேர். என்ட கண்ணுக்கு முன்னால முகாமில வச்சி வாகனத்தில ஏத்தினவனுகள். விசாரிச்சிட்டு விடுறம் எண்டவனுகள்." கண்ணகை சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "செத்தவன் எண்டு கச்சேரிக்குப் போனா இனி ஆரு தேடுவா? நான் போய்க் கேட்டாலும் நீங்கதானே எழுதித் தந்த எண்டு சொல்லுவானுகள்."

"அப்ப என்ன எண்டுதான் போடுற, கண்ணகை?"

"வாகனத்தில ஏறக்குள்ள 'வாறன்மா' எண்டுதான் சொன்னவன். வருவார் எண்டு போடுங்க."

வினாயகமூர்த்தி சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

வீட்டை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் வாய் தவறிச் சொன்னால் திரும்பக் கூப்பிட்டு 'வாறன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். அவன் ஊரான டச்பாரில் பறங்கி வீடுகளிலும் அப்படித்தான். யேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை அவன் மனைவி ஜீனும் அப்படித்தான் சொன்னாள். பக்கத்து வீட்டார் கேக் கொண்டுவந்த பிளேட் கழுவிக் கிடந்தது. "இதைக் குடுத்திட்டு வாறன்" என்றாள். படுக்கையில் கிடந்த ஏர்ல் ம் என்றான். பிறகு கடல் வந்தது. பக்கத்து வீடும் இல்லை, ஜீனும் இல்லை, பிளேட்டும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. எல்லோரும் மரணச் சான்றிதழ் எடுத்தார்கள், அவனும் போய் வரிசையில் நின்று எடுத்தான். அதற்குப் பிறகு யாராவது வைஃப் எங்கே என்று கேட்டால் "இல்ல" என்பான். சின்னச் சொல், சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடலாம்.

ஏர்ல் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு சொற்களுக்குக் கீழே 'வருவார்' என்று மூன்றாவதைச் சேர்த்தான்.

"இது ஸ்கோப்புக்கு வெளிய இல்லையா, ஏர்ல்?" என்றார் வினாயகமூர்த்தி சேர். "கொழும்பில கேக்காம..."

"உள்ளதான், சேர்" என்றான். அது பொய். அவர் ஸ்கோப் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மழை, கைரேகை ஒன்றையும் பற்றிப் பிறகு கேட்கவில்லை. தேத்தண்ணிக்குச் சொல்லுகிறேன் என்று வெளியே போனார்.

கண்ணகை மேசைக்கு வந்து யதுர்ஷனின் பெயருக்கு நேரே 'வருவார்' என்பதைத் தெரிவு செய்தாள். சுவரில் மாறிவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"புதுசா ஒரு ஆளையும் போட்டுப் பாருங்க, அக்கா. சரியா வேலை செய்யுதா எண்டு பாப்பம்."

"ஊர்ச்சனத்தின்ட பேரை வச்சி விளையாடேலா. உங்கட வீட்டாக்களைச் சொல்லுங்க, சேர்."

ஏர்ல் தன் பெயரைச் சொன்னான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். உயிருடன் உள்ளார்.

"அடுத்த ஆள்?"

"ஜீன். வைஃப்."

தட்டி முடித்தாள். "அவ எங்க இரிக்கா?"

"இல்ல."

வாயில் பழகிய சொல் தானாக வந்துவிட்டது. கண்ணகையின் கை நின்றது. சுனாமியா என்று கேட்டாள், ஓம் என்றான். கண்டெடுத்தீங்களா என்று கேட்டாள், இல்ல என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் கேட்டது பதிவுக்காகத்தான். வாகரையில் ஒவ்வொரு படலையிலும் நின்று இதைத்தான் கேட்டிருப்பாள்.

"எந்த இல்ல, சேர்?"

சான்றிதழ் வரிசையில்கூட யாரும் அவனிடம் இப்படிக் கேட்கவில்லை.

"ஒரு பிளேட் குடுக்கப் போனவ, அக்கா" என்றான். "பக்கத்து வீட்டுக்குத்தான்."

கண்ணகை பட்டியலைத் திறந்தாள். சுவரில் ஜீனின் பெயருக்குக் கீழே மூன்று சொற்களும் திறந்தபடி தொங்கின. அவள் நகர்த்திய அம்புக்குறி ஒன்றிலும் நிற்காமல் அங்குமிங்கும் அசைந்துகொண்டிருந்தது.