பாதிக்கு மேல் ஓர் ஆள்

நாட்டின் இரண்டாம் பெரிய நகரத்தில் தலைநகர ஜனத்தொகையின் பாதிக்கு மேல் ஓர் ஆள் கூடினாலும், அன்றே எங்காவது ஒரு சுவர் இடிந்து யாரையாவது கொல்லும். முதலில், பல் பிடுங்க வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த தபால்காரர் போனார். பிறகு ஒரு தையல்காரி, தைத்துக்கொண்டிருந்த துணியோடு. மூன்றாம் நகரத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் அளவு. அது இன்னும் நிரம்பாததால் அங்கே சுவர்கள் ஒழுங்காக நின்றன. இன்ஜினியர்கள் வந்து சிமெண்டைக் குறை சொன்னார்கள். அவர்களில் ஒருவர் திரும்பிப் போகவில்லை.

சுவர் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று தெரியாததால் ஜனங்கள் தாங்களே இறங்கினார்கள். ரயிலில் வந்தவர்களை நடைமேடையிலேயே அடித்துத் திருப்பி ஏற்றினார்கள். ஏற மறுத்தவர்கள் தண்டவாளத்தில் கிடந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை கறிக்கடைக்காரர். கோபக்காரர் அல்ல, எலும்பு வெட்டுகிற நிதானத்தோடு செய்வார். பக்கத்து டீக்கடைக்காரர் அவருக்கு வலது கை.

ரயில்கள் காலியாக வரத் தொடங்கியதும் பேச்சு பிள்ளைத்தாய்ச்சிகள் பக்கம் திரும்பியது. கறிக்கடைக்காரரின் தங்கைக்கு நிறைமாதம். அவள் புருஷன் வெல்டர். கறிக்கடைக்காரர் அவர்கள் வீட்டுக்குப் போய், ஊரை விட்டுக் கிளம்பச் சொன்னார்.

“இந்த நிலைமையில இவளை எங்க மச்சான் கூட்டிட்டுப் போறது?”

“எங்கயாவது போங்க மாப்ள. இல்லைன்னா கூட்டத்தோட நானே வர வேண்டியிருக்கும்.”

அவர்கள் போகவில்லை. அவர் வந்தார். வெல்டர் இரும்புக் கம்பியால் இரண்டு பேர் கையை ஒடித்தார்; மற்றவர்கள் அவரைக் கீழே தள்ளிக் காலை நொறுக்கினார்கள். தங்கை கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னாள். டீக்கடைக்காரர் கட்டையோடு படியேறினார். கறிக்கடைக்காரர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, கழுத்தில் கத்தியை இறக்கினார்.

கூட்டம் தெருவிலேயே காத்திருந்தது. உள்ளே குழந்தை அழுதது. எந்தச் சுவரும் விழவில்லை. கட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போலீசில் யாரும் சொல்லவில்லை. கறிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

ஒரு மாலை டீக்கடைக்காரர் மனைவி வந்தாள். கறிக்கடைக்காரர் எழுந்து, வருவது வரட்டும் என்று நின்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர் எடத்துக்கு வந்தவன் இவன்தானா?”

தங்கை ஆமாம் என்று சொல்லிப் பிள்ளையை நீட்டினாள். அவள் மடியில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பசிக்கிறது போலிருக்கிறது, பால் கொடு என்று திருப்பிக் கொடுத்தாள். மறுநாளும் வந்தாள்.