ஈரல் வறுவலும் கஞ்சியும்

படையல் இலையில் வேகவைத்த சுரைக்காயைப் பரப்பிக்கொண்டிருந்த அமிர்தவல்லியின் கையைப் பிடித்து நிறுத்தினாள் நாத்தனார் பச்சையம்மாள்.

“இன்னா அண்ணி இது? எங்கண்ணன் செத்து எட்டாம் நாள் படையலு. புடிச்சத வெப்பாங்களா, சுரைக்காய வெப்பாங்களா? உப்பாவது போட்டியா?”

“இந்த வீட்ல உப்பு பொழங்கி ஒரு வருஷமாவுது. சாடியத் தூக்கிப் பரண்ல வெச்சிட்டேன். அவருக்கு இதான் புடிக்கும்.”

பெருமையாகத்தான் சொன்னாள். ஏன் சொல்லமாட்டாள்? வயிற்றுப் புண்ணுக்காக உப்பு, காரம், கவுச்சி எல்லாவற்றையும் நிறுத்தும்படி வைத்தியர் சொன்னது மில் தொழிலாளி சாமிக்கண்ணுவுக்கு மட்டும்தான். ‘உங்களுக்கு ஆவாதது எனக்கு மட்டும் எதுக்கு’ என்று இவளும் நிறுத்திவிட்டாள். மீன்காரி தெருவில் கூவினால் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சப்பென்ற கஞ்சியைக் குடிப்பார்கள். மகன் காசிலிங்கம் பாதியிலேயே எழுந்துவிடுவான். அப்பனை நினைத்துப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள், பைத்தியக்காரி! அவர் ரத்தமாகக் கக்கிச் செத்தபோதுகூட, பத்தியத்தில் நான்தான் எங்கேயோ தவறிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில், கையில் அடுக்குக் கேரியரோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

“பெரிய கடைக்குப் பின்னால, வெள்ளக்காரன் கப்பலேறின வருஷம் தொறந்தாங்களே மிலிட்டரி ஓட்டல், அங்க பரிமாறுறேங்க. கலியபெருமாளு. அண்ணனுக்கு இன்னிக்குப் படையல்னு மில்லுல சொன்னாங்க. மொதலாளி குடுத்தனுப்பிச்சாரு.”

திறந்தான். மிளகு போட்ட ஈரல் வறுவல். அடுத்த அடுக்கில் எறாத் தொக்கு, அதற்கும் கீழே ஆட்டுக்கால் பாயா. கக்கத்தில் நீள ரொட்டி ஒன்று.

“வீடு மாறி வந்துட்டியாப்பா? அவரு இதெல்லாம் தொடமாட்டாரு” என்றாள் அமிர்தவல்லி.

“அண்ணனா?” கலியபெருமாள் சிரித்தேவிட்டான். “ஒரு வருஷமா ஷிப்டு முடிஞ்சா நேரா எங்க கடதாங்க. மழ பேஞ்சா பாயா. இந்த ரொட்டியப் பிச்சி அதுல ஊறப்போட்டுத் தின்னுவாரு. நல்ல எறா வந்தா தொக்கு. ஈரலு மட்டும் எந்நாளும் வேணும். காரம் கம்மின்னு சண்டைக்கு வருவாரு! தம்பியக் கேளுங்களேன், கூடவே உக்காந்து சாப்புடுமே.”

காசிலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கலியபெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேரியரை வைத்துவிட்டு நழுவினான்.

அமிர்தவல்லி மகன் பக்கம் திரும்பினாள். செத்தவனை என்ன கேட்பது? இருக்கிறவனைக் கேட்டாள்.

“அப்போ கஞ்சி குடிச்சது நான் ஒருத்திதானாடா?”

“அப்பா சொல்லாதன்னாரும்மா. நீ இவ்ளோ கட்டுப்பாடா இருக்கியேன்னு அவருக்குப் பயம்.”

“சரி. ஆசப்பட்டாரு, தின்னாரு. எனக்கு ஒரு நாளாவது ஒரு வாய் வாங்கியாரணும்னு தோணலியாடா ரெண்டு பேருக்கும்?”

“ஒரு தடவ உனக்குன்னு ஈரல் பொட்டலம் கட்டச் சொன்னாரும்மா. அப்புறம்...”

“அப்புறம்?”

“வாசன வந்தா உங்கம்மா கண்டுபுடிச்சிடுவான்னு, அதையும் அவரே தின்னுட்டாரு.”

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமிர்தவல்லி சுரைக்காயை வழித்தெடுத்தாள். அதே இலையில் ஈரலை வைத்தாள், தொக்கை வைத்தாள். ஒரு கிண்ணத்தில் பாயாவை ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து ஊறப்போட்டாள். ஒன்றிலும் குறைவைக்கவில்லை. கற்பூரம் எரிந்தது. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“எலையிலேர்ந்து நீதான் அண்ணி மொதல்ல ஒரு வாய் எடுத்துக்கணும்.”

“அது அவருக்கு வந்தது.”

மகனிடம் பரணிலிருந்த சாடியை இறக்கச் சொன்னாள். ஈரத்தில் கல்லுப்பு கட்டிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தாள். அடுப்படியில் மிச்சமிருந்த கஞ்சியில் ஒரு பிடியைப் போட்டுக் கலக்கி, யாரையும் பார்க்காமல், நின்றபடியே குடித்தாள்.