பின் சில்லின் காற்று

ரயரில் காற்றுத் தானாகக் குறையும், தானாக ஏறாது. செவ்வாய்க்கிழமை காலை பின் சில்லில் காற்றளக்கும் கேஜை வைத்தபோது நாற்பது றாத்தல் காட்டியது. சனிக்கிழமை நானே குந்தியிருந்து இருபத்தெட்டு வைத்திருந்தேன். கேஜுக்குத்தான் ஏதோ பிடித்துவிட்டது என்று முன் சில்லிலும் வைத்துப் பார்த்தேன். அது ஒழுங்காகவே காட்டியது.

அந்த மொறிஸ் கார் எனக்கும் என் மச்சான் நாகேந்திரத்துக்கும் பொது. வெள்ளவத்தையில் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு ஷெட். ஓட்டுவது அவர், சில்லைப் பார்ப்பது நான். அதில் எங்களுக்குள் ஓயாத கொழுவல். காற்று இறுகினால் இடுப்பு நோகிறது என்பார். காற்றுக் குறைந்து ரயரின் ஓரம் தேய்ந்துபோனால் இந்த யுத்த காலத்தில் புதிது எங்கே வாங்குவது என்பேன். நான் வைத்த காற்றைக் கள்ளமாகக் குறைத்துவிட்டு ஓடுகிற மனிதர், இப்போது பம்பை எடுத்து அடித்திருக்கிறார். ஆளும் சாமானும் முட்ட ஏறினால் பின் சில்லுக்குக் கூட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கார்க் கதவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்த பிறகு இரண்டு வீட்டாரும் இருந்து பேசினோம். துறைமுகக் கந்தோரில் எனக்கு லீவு இல்லை. ஏழு மாத வயிற்றோடிருக்கும் என் மனைவி கௌரியை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணனான நாகேந்திரம் தன் குடும்பத்தோடு புதன்கிழமை இந்தக் காரில் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. அவளுடைய றங்குப்பெட்டியை முதல்நாள் பின்னேரமே பின் சீற்றில் ஏற்றிவைத்தேன். இப்போது அந்த இடத்தில் நாகேந்திரத்தின் மனைவி, என் மச்சாளின் தையல் மெஷின். அதன்மேல் மெத்தைச் சுருள், வெண்கலப் பானை. பெட்டி ஷெட் மூலையில் சாக்கால் மூடிக் கிடந்தது. பாதிக் கார் என்னுடையது. அந்தப் பாதியிலாவது அவளுக்கு இடம் விட்டிருக்கலாம்.

நாகேந்திரம் ஒரு நாள் முந்தியே பயணக் கோலத்தில் வந்தார். நான் கந்தோருக்குப் போயிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும், கண்டதும் நின்றுவிட்டார். வழியில் கௌரிக்கு வலி கண்டால் காட்டுக்குள் என்ன செய்வது, ரயிலில் அனுப்பினால் நல்லது என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். கோட்டை ஸ்டேஷனில் சனம் ஜன்னலால் ஏறுவதை அவரும் பார்த்தவர்தான்.

"இதை என்ர முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம், மச்சான்."

"கேட்டால் ஓமெண்டிருப்பீரோ?"

கௌரி வந்தாள். சாக்கை விலக்கித் தன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள். அண்ணனைத் தாண்டி என்னிடம் வந்தாள். என் கையில் கேஜைக் கண்டு, காற்றுச் சரியா என்று என்னைக் கேட்டாள். அந்த ரியூப் ஒட்டுப் போட்டது. நாற்பதோடு போனால் வழியில் புத்தளத்து வெயிலில் வெடிக்கும். அதை நாகேந்திரத்துக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு மெஷினை இழுத்து வெளியே போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். இனி நான் அதில ஏறமாட்டன். காத்தை மட்டும் குறைச்சு விடுங்கோ, பிள்ளையள் போகுதுகள்."

குந்தி வால்வை அமத்தினேன். பழைய ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. முப்பத்திரண்டில் நிறுத்தினேன்.

பிள்ளைகளும் மச்சாளும் ஏற, கார் பின்பக்கம் அமுங்கி, மெதுவாகத் தெருவுக்கு இறங்கியது. கௌரி றங்குப்பெட்டியின்மேல் உட்கார்ந்து மச்சாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் மச்சாள் கார் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி மேலே ஏற்றினாள்.