மண்டியா சீட்

ரெபேக்கா தம்மபாலனின் கழுத்திலிருந்து விரலை எடுத்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கட்டிலோரம் இரைந்துகொண்டிருந்த ஆக்ஸிஜன் மிஷினை நிறுத்தக் கை நீட்டினாள். சரோஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடட்டும்க்கா.”

“சரோஜா, போயிட்டாரும்மா.”

“தெரியுது. மிஷின் ஓடட்டும்.”

ரெபேக்கா பக்கத்து வீட்டுக்காரி. சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாவு வீட்டில் பெண்கள் என்னென்னவோ பேசுவதைக் கேட்டவள்தான், ஆனாலும் இது அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு பக்கமும் ஒற்றைச் சுவர். எட்டு மாதமாக ராவும் பகலும் ஓடும் மிஷின் நின்றால் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். வரிசைக்குத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் மகள் ஷாலினியின் கையில் போன் அடிக்கும்.

மணி ஆறே முக்கால். விடியற்காலை ரயிலில் கிளம்பிய மகளும் மகன் சேரனும் இன்னும் பெங்களூர் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள். அங்கிருந்து மண்டியாவுக்குப் பஸ். இன்று சாயங்காலம் ஐந்தரைக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு ஷாலினி நேரில் போய் நிற்காவிட்டால், அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடம் போய்விடும். மூன்றாவது சுற்றுக் கலந்தாய்வு அது. அதற்குப்பின் ஒன்றும் இல்லை.

சரோஜாவின் கணவர் தம்மபாலன் சுரங்கம் மூடும்வரை அடியில் இறங்கி வேலை பார்த்தவர். மூடியபின் பதினெட்டு வருடம் தினமும் ரயிலேறி பெங்களூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். கடைசியில் நெஞ்சில் தங்கிய தூசு அவரைக் கட்டிலில் படுக்கவைத்தது. ஷாலினி முதல் வருடம் நீட்டில் கொஞ்சத்தில் தவறவிட்டு, மறுவருடம் அந்தக் கட்டிலின் காலில் சாய்ந்தபடிதான் படித்தாள். முதல் சுற்றில் பல் மருத்துவம் வந்தது. அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

கலந்தாய்வுக்குக் கொடுக்கவேண்டிய கல்லூரிகளின் வரிசையைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதவைத்ததும் அவர்தான். ஷாலினி பக்கத்து ஊர்களாகவே மேலே எழுதிக்கொண்டு போனாள். வாரா வாரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் இருப்பேன்னு நெனச்சு எழுதாத பாப்பா” என்றார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

நேற்று மாலை மூச்சு மோசமானபோது அவள் போகமாட்டேன் என்று பையைத் தூக்கிப் போட்டாள். அவர்தான் சிரிக்க முயன்று, “சீட்ட எடுத்துனு வா. நான் எங்க போயிடப்போறேன்” என்றார்.

சரோஜா கதவைத் தாழிட்டாள். இரண்டு பேருமாகக் கால்களை நீட்டிவிட்டு, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையை வெள்ளைத் துணியால் கட்டினார்கள். மூக்கிலிருந்து குழாயை எடுத்தபோது கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. சரோஜா அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அழுகை வந்தபோதெல்லாம் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குத் தம்மபாலனின் அண்ணன் போதிராஜ் வந்தார். தம்பிக்குப் பேப்பர் படித்துக்காட்ட தினமும் வருகிறவர். வாசலிலேயே நிறுத்திச் சொல்ல சரோஜாவுக்கு வழியில்லாமல் போயிற்று. உள்ளே வந்து பார்த்தவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தம் வேண்டாமென்று சரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

“பெத்த புள்ளைங்களுக்கு மறைக்கிறது இன்னா நியாயம் சரோஜா? நாளைக்கு அதுங்க மூஞ்சில எப்படி முழிப்ப?”

“நாளைக்குத்தான மாமா. இன்னிக்கு எனக்கு அந்த சீட்டு வேணும். அவரு கேட்டது அது ஒண்ணுதான்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். சரோஜா ஜன்னலிடுக்கில் பார்த்தாள். லைன் முனையில் நின்று போனைக் காதில் வைத்திருந்தார். தன் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடிக்கவில்லை. அரைமணி கழித்துத் திரும்பிய போதிராஜ் ஒரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். விசாரிக்க வந்தவர்களிடம், தம்பி தூங்குகிறான், அப்புறம் வாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார். ஏன் மனம் மாறினார் என்று சரோஜா கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாறிவிடுவாரோ என்று பயம்.

பதினொன்று பத்துக்கு ஷாலினி கூப்பிட்டாள்.

“அம்மா, ஒரிஜினல்லாம் பாத்துட்டாங்க. இப்ப ஒரு ஃபார்ம்ல கார்டியன் கையெழுத்து கேக்கறாங்க. அப்பா பேர போட்டா அப்பாவே வந்து போடணுமாம். அண்ணன் பேர போட்டா இப்பவே முடிஞ்சிடும். அப்பா ஃபீல் பண்ணுவாரேம்மா. அவர்கிட்ட போன குடேன், கேக்கறேன்.”

“பேசினா மூச்சு வாங்குதுடி. நான் கேட்டு சொல்றேன்.”

“மிஷின் கேக்குது. சரி, நீயே கேளு. நான் லைன்லயே இருக்கேன்.”

சரோஜா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள். அவர் நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டினாள். மகள் டாக்டருக்குப் படிக்கிற இடத்தில் தன் பேர் இருக்கவேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டிருப்பார், அவளுக்குத் தெரியும். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் நின்றாள்.

“அண்ணன் பேரையே போட சொன்னாரு” என்றாள்.

“நெஜமாவா?”

“ம்.”

ரெபேக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப்பின் மூன்று மணி நேரம் போன் அடிக்கவில்லை. ஏதாவது ஒரு காகிதம் குறைந்திருக்குமோ, யாராவது சொல்லிவிட்டார்களோ என்று சரோஜா அறைக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்தாள். வெயில் தகரக் கூரையில் ஏறியது. ரெபேக்கா வீட்டு ஐஸ் கட்டிகளை வாங்கி உடம்பைச் சுற்றி வைத்தார்கள். போதிராஜ் நாற்காலியை விட்டு எழவில்லை. தேநீர் கொடுத்தபோதும் வேண்டாமென்று தலையசைத்தார்.

இரண்டே காலுக்கு அடித்தது.

“சேந்துட்டேம்மா. ஆர்டர் கைல இருக்கு. அப்பாவாண்ட சொல்லு.”

“சொல்றேன்” என்றாள் சரோஜா. “அண்ணன்கிட்ட குடு. குடுத்துட்டு நீ தள்ளிப் போய் ஒக்காரு.”

சேரன் நடந்து தள்ளிப் போகும் சத்தம் கேட்டது. வண்டிகளின் ஓசை. சரோஜாவுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

“சேரா, அப்பா…”

“தெரியும்மா.”

அவள் சுவரில் சாய்ந்தாள்.

“பெரியப்பா ஒம்போதரைக்கே சொல்லிட்டாரு. பஸ்ல இருந்தோம். பாப்பா பக்கத்துல தூங்கினு இருந்தா. நான்தான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். உன்கிட்டயும்.”

“அவளுக்கு?”

“இன்னும் இல்ல. பஸ் ஏறினதும் சொல்லிடறேன்.”

“நீ எதுனா சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நான் சாப்பிடலன்னா அவ இன்னான்னு கேப்பால்ல.”

சரோஜா போனை வைத்துவிட்டுப் போய் மிஷினை நிறுத்தினாள். சுவருக்கு மறுபக்கத்து வீட்டிலிருந்து, “சரோஜாக்கா?” என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஏழரை மணிக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளை உடுத்தி வந்திருந்த பௌத்த சங்கத்தார் பஞ்சசீலம் சொல்லி முடித்திருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்திகள். ஷாலினி யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். கன்னத்துத் தடத்தைத் தொட்டாள். வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாள்.

“எத்தன மணிக்கு?”

“ஆறே முக்கா” என்றாள் சரோஜா.

பெண்களின் அழுகை கொஞ்சம் தணிந்தது.

“அப்ப பதினோரு மணிக்கு யார கேட்டம்மா?”

சரோஜா மகளின் முதுகைத் தொடப்போய், கையைத் தன் மடிக்கே கொண்டுவந்தாள். யாரோ ஒரு மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தார்கள்.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சரோஜா எழுந்து போய்ப் பார்த்தாள். சேரன் சட்டையைக்கூடக் கழற்றாமல், டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். குழாயில் இனி நான்கு நாளைக்குத் தண்ணீர் வராது. டிரம் அடி தெரிகிறவரை அவன் ஊற்றினான். சரோஜா துண்டைப் பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றாள்.