சம்மதத்துக்கு ஒரு சப்வூஃபர்

எங்கள் வீட்டில் யார் பேசினாலும் டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்கும். ஃபிளாட் வாங்கியபோதே அப்படித்தான். சமையலறையில் என் மனைவி ருக்குமணி "காபி ஆறுதுங்க" என்றால் ஸ்பீக்கர் சொல்லும். நான் எழுந்து போவேன். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கும் மகள் சிந்துஜாவுக்கும் மெல்லிய குரல், சிரமமில்லை. எனக்கு அடிக்குரல். கனமில்லாத சொற்கள் வந்துவிடும். "வேண்டாம்" வரும். "யார் கேட்டது" வரும். "சம்மதம்" மட்டும் வராது. ஸ்பீக்கர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பன் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாற்றினால் கல்யாணம் உறுதி. போன முறை மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து சர்க்கரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை காத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல வெறும் காற்று வந்தது. தட்டோடு திரும்பிப் போனார்கள். எனக்குப் பையனைப் பிடித்துத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றாங்க. அன்னைக்கும் நீங்க சொல்லலைன்னா வேற எடம் பாத்துக்குவாங்களாம்" என்றாள் சிந்துஜா. "வேண்டாங்கறதை மட்டும் எப்படிப்பா இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. ஸ்பீக்கர் கடைக்குப் போன் செய்தேன்.

ஞாயிறு காலை கடையிலிருந்து ஜெபசீலன் சப்வூஃபரோடு வந்தான். கறுப்புப் பெட்டி. அரிசி மூட்டைக் கனம்.

"சென்டரைக் குத்தம் சொல்லாதீங்க சார். மேல்குரலை அது பாத்துக்கும். அடிக்குரலை இது தாங்கிக்கும்."

"எங்கே வைப்பே?"

"அதை நீங்கதான் தேடணும். பெட்டியை உங்க சேர்ல வச்சுருவேன். நீங்க பேசிக்கிட்டே தரையில தவழ்ந்து போய், பெட்டியில வர்ற உங்க குரலை அங்கங்க காது குடுத்துக் கேளுங்க. எங்க நல்லாக் கேக்குதோ அதான் பெட்டிக்கு இடம். அப்புறம் மாத்திக்கலாம்."

என் முட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை. தவழ்ந்தேன். ஃபிரிட்ஜ் ஓரம் சரியில்லை. ஜன்னலடி சரியில்லை.

"அப்படியே சோபாவுக்கு அடியில ஒட்டடை இருந்தா எடுத்துருங்க" என்றாள் ருக்குமணி.

செருப்பு ஸ்டாண்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மூலை. அங்கே நெஞ்சு அதிர்ந்தது. "இங்கே" என்றேன்.

பெட்டியை மாற்றுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து என் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே போய் நாற்காலியில் இருந்த பெட்டியைக் கும்பிட்டார்.

"என்னங்க சம்பந்தி, ஒடம்பு தேவலைங்களா? கொஞ்சம் பருத்துட்டீங்க."

"தேவலை" என்றேன் மூலையிலிருந்து. பெட்டியிலிருந்து வந்தது. அவருக்குத் திருப்தி.

"அசையாதீங்க சார், நல்லா செட் ஆயிருச்சு" என்றான் ஜெபசீலன்.

பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டுத் தட்டுகளை வைத்தார்கள். எங்கள் தட்டில் உப்பு. அவர்கள் தட்டில் சர்க்கரை. சிந்துஜா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். ஸ்பீக்கர் மேல்பாதியைப் பிடித்தது, பெட்டி கீழ்ப்பாதியைப் பிடித்தது. சொல் முழுசாக வந்தது. ஆனால் சத்தம் போதவில்லை.

"ரூமுக்குள்ள பொம்பளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் கேக்கோணுமில்ல? இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சம்பந்தி."

சிந்துஜா எழுந்தாள். பெட்டியிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள். என் பிடரியில் இருந்த வால்யூம் குமிழைத் தேடாமலே தொட்டு, வலப்பக்கம் திருப்பினாள்.

"இப்பச் சொல்லுங்கப்பா."

"சம்மதம்."

ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் தட்டிலிருந்த உப்பு எழும்பி அவர்கள் தட்டுக்குப் போனது. அவர்கள் சர்க்கரை எங்கள் தட்டுக்கு வந்தது. நாச்சிமுத்து உப்பைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். ருக்குமணி சர்க்கரையை எடுத்துக்கொண்டு காபி போடப் போனாள்.