இடது பக்கத்து சுவிட்ச்

அந்த வட்டாரத்தில் அவனை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயரில்லை. கார்க் கதவுக் கண்ணாடி ஏறமாட்டேன், இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் மற்ற மெக்கானிக்குகளே வண்டியை அவனிடம் அனுப்பிவைப்பார்கள். சுவிட்சை ஒரு தடவை அழுத்துவான், கதவில் காதை வைப்பான், உடனே சொல்லிவிடுவான்: மோட்டார் போச்சு, இல்லை வயர் போச்சு, இல்லை உள்ளே கம்பி அறுந்துபோச்சு. பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த ஒன்பதைப் பற்றி அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு நர்ஸ் அக்கா காரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள். பழைய வாடிக்கை. பக்கத்து சீட்டில் அவள் கணவர். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சரியாக வராமல் போய்விட்டன. பேச்சும் நிதானமாகத்தான் வரும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார். ஞாபகமும் முன்போல இல்லை.

"தம்பி, இவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில நின்னுடுச்சு. என்னன்னு பாருங்க."

அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சுவிட்சை அழுத்தினான். கதவுக்குள் மோட்டார் கரகரவென்று சுற்றியது. கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து, டக்கென்று நின்றது. மோட்டார் சுற்றுகிறது, கண்ணாடி வரவில்லை என்றால் உள்ளே இழுக்கும் கம்பிதான். இதற்குக் காதுகூட வேண்டாம்.

"எல்லாம் இவரு வேலைதான்" என்றாள் நர்ஸ் அக்கா. "வண்டியில ஏறினதும் அந்த சுவிட்சைத்தான் நோண்டுவாரு. ஏத்துறது, இறக்குறது, ஏத்துறது, இறக்குறது. போன வாரம் டிவி ரிமோட். அதுக்கு முந்தின வாரம் குளியலறைக் குழாய். இப்போ இது."

"நான்..." என்றார் அவர். காத்திருந்தார். "ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் என்ன சார், பேய் வந்து இறக்கிச்சா?" என்று அவன் சிரித்தான். நர்ஸ் அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் விளக்கம் சொன்னான்: "கண்ணாடி மேல போய் முட்டின பிறகும் விரலை எடுக்காம அழுத்திக்கிட்டே இருந்தா கம்பி எத்தனை நாள் தாங்கும்க்கா? சின்னக் குழந்தைங்க இருக்கிற வண்டியில இது சகஜம்."

அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்டீங்களா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அடுத்த தெருவில் அவருக்கு உடற்பயிற்சி வைத்தியம். திரும்பிவர இரண்டு மணி நேரமாகும். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "இன்னொரு காரியம் தம்பி. அவர் பக்கத்து சுவிட்ச் வேலை செய்யாத மாதிரி பண்ணிடுங்க. என் பக்கத்திலேருந்து நானே ஏத்தி இறக்கிக்கிறேன்" என்றாள். பழைய வண்டி. மற்ற ஜன்னல்களைப் பூட்டி வைக்கும் பட்டன் அதில் கிடையாது.

"வயரை வெட்டிவிட்டா முடிஞ்சுது" என்றான்.

அவர்கள் போனதும் வேலையை ஆரம்பித்தான். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகுகளைக் கழற்றி, கதவின் உள்பலகையைக் கிளிப் கிளிப்பாக நெம்பி எடுத்தான். கறுப்புப் பசையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தான். கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, கீழே வந்துவிடாமல் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டினான். பிறகு டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான்.

கம்பி இழை இழையாகப் பிரிந்து, சுற்றும் உருளையில் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது. அவன் சொன்னது சரி. அப்புறம் கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளத்தின் அடியில் ஏதோ மின்னியது. விரலை விட்டு எடுத்தான். நட்டுக் கழற்றும் பத்தாம் நம்பர் சாக்கெட். விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு வட்டம்.

தன் கருவிகளுக்கெல்லாம் மனைவியின் நகப்பூச்சால் அடையாளம் வைப்பது அவன் வழக்கம். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே கதவில் பூட்டு மோட்டார் மாற்றினான். நடுவில் போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே பலகையை மாட்டி முடித்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்தச் சாக்கெட்டைத் தேடினான். கடையைத் தலைகீழாகப் புரட்டினான். கிடைக்கவில்லை என்று வேறொன்று வாங்கிக்கொண்டான். இத்தனை நாளும் அது இங்கே இருந்திருக்கிறது. கண்ணாடி முழுசாக இறங்கும்போதெல்லாம் இதன்மேல் மோதியிருக்கிறது. மோதி, சாய்ந்து, கம்பியை இழுத்திருக்கிறது. யார் அழுத்தியிருந்தாலும் அறுந்திருக்கும். ஒருவரும் நோண்டாமல் இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு மாதத்தில் அறுந்திருக்கும்.

அவன் சாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும், போட்ட வேகத்தை அவனே கவனித்தான்.

கம்பியும் உருளையும் சேர்ந்த புது ரெகுலேட்டரை மாட்டினான். கண்ணாடியை அதில் பொருத்தி ஆறு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். பிசிறில்லாமல் போய்வந்தது. இனி சுவிட்ச்தான் பாக்கி. வயரை விரலில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வெட்டாமல் இருப்பதற்கு அக்காவிடம் சொல்ல ஒரு காரணம் தேடினான். ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வராது என்று தெரிந்ததும் வெட்டினான்.

அவர்கள் திரும்பி வந்தபோது பன்னிரண்டரை. "என்ன ஆச்சு தம்பி?"

"கம்பி அறுந்துடுச்சுக்கா. புதுசு போட்டிருக்கேன்."

"நான் சொன்னேன்ல, இவரு நோண்டினதுதானே?"

அங்கே சொல்லியிருக்கலாம். அவள் கேள்வியாகக்கூடக் கேட்டுவிட்டாள். அவன் கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி "ம்" என்றான்.

கூலி வேண்டாம், பொருள் விலை மட்டும் போதும் என்றான். அவள் கண் கலங்கிவிட்டது. "இவரு உடம்பைப் பாத்துட்டுதானே சொல்றீங்க? உங்க நல்ல மனசு யாருக்கு வரும்?" என்றாள். அந்த நேரத்தில் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் மெதுவாகச் சுவிட்சைத் தேடிப்போய் அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தியது. பிறகு அவர் வலது கையால் அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டவர் மாதிரி.

அடுத்த வாரம் அவள் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். "முடியாதவரு வீட்டு வண்டின்னு கூலியே வாங்கலையாமே? சிஸ்டர் வாய் ஓயாம உங்களைப் பத்திதான் பேசறாங்க" என்றார்கள். அவன் தலையைக் கதவுக்குள் விட்டுக்கொண்டு, "டார்ச் கொஞ்சம் பிடிங்க" என்று பேச்சை மாற்றினான்.

வீட்டில் அவன் மனைவிக்கு அவன் முகத்தைப் படிக்க இரண்டு நிமிஷம் போதும். "என்ன, கப்பல் கவுந்த மாதிரி இருக்கீங்க?"

"தலைவலி."

"மூணு நாளா ஒரே தலைவலியா?"

அவன் போய்ப் படுத்துக்கொண்டான். கண்ணை மூடினால் மடியில் தூக்கி வைத்த அந்தக் கைதான் தெரிந்தது. அவரே போன் பண்ணித் திட்டினால் தேவலை என்று தோன்றியது. ஆனால் அவர் எதற்காகத் திட்டுவார்? அவருக்கு என்ன தெரியும்?

பதினோராம் நாள் மத்தியானம் பொருள் வாங்க பைக்கில் போய்க்கொண்டிருந்தான். மருந்துக்கடை எதிரே, நல்ல வெயிலில், அந்தக் கார் நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாலு கண்ணாடியும் மூடியிருந்தன. உள்ளே அவர் தனியாக. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தது.

அவன் பைக்கைத் திருப்பிவிட்டான். பிறகு அது அவனை வெகுநாள் உறுத்தியது. தெருமுனைவரை போய்விட்டான். அங்கே நின்று, அக்கா இந்நேரம் வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். திரும்பிப் பார்த்தான். வரவில்லை. பைக்கை மறுபடி திருப்பிக்கொண்டு வந்து, இறங்கி, கார்க் கதவைத் திறந்தான். அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது.

"சார், கதவைத் திறந்துக்கலாம்ல?"

"கைப்பிடி..." அவர் இடது கையைக் காட்டினார். "இழுக்க வரல. சுவிட்சுக்கு ஒரு விரல்... போதும்."

அவன் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிவந்தான். அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவனை அடையாளம் தெரிந்துகொண்டு, லேசாகச் சிரித்தார்.

"சுவிட்ச் வேலை செய்யல. அதையும்... நான்தான் உடைச்சிருப்பேன்."

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

"அன்னிக்குக் கண்ணாடியை நான் உடைக்கலன்னுதான்... நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். நீயும் சொன்ன. அவளும் சொன்னா. நான் இப்பல்லாம் என்ன பண்றேன்னு... எனக்கே தெரியறதில்ல போல."

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் தப்பை அடுத்தவர்மேல் போட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவர் தன் புத்தியையே நம்பாமல் போவார் என்று நினைக்கவில்லை.

"சார், நீங்க உடைக்கல" என்றான். "என் சாக்கெட்டு ஒண்ணு. முன்னாடி வேலை பாத்தப்போ உள்ளேயே விட்டுட்டேன். அது இடிச்சு இடிச்சுத்தான் கம்பி அறுந்துச்சு. அன்னிக்கே பாத்துட்டேன். எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். சுவிட்சும் கெட்டுப்போகல. நான்தான் வயரை வெட்டினேன்."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது.

"அப்போ... நான் இல்லையா?"

"நீங்க இல்ல சார்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அவர் கண்ணை மூடி அதைக் கேட்டார். திட்டவில்லை. அந்நேரம் நர்ஸ் அக்கா மருந்துப் பையோடு வேகமாக வந்தாள். திறந்த கதவையும் நனைந்த சட்டையையும் பார்த்து, "ஐயோ, அஞ்சு நிமிஷம்னுதானே போனேன், அவ்வளவு கூட்டம்" என்று அவர் நெற்றியைத் தொட்டாள். "நல்லவேளை, நீங்க வந்தீங்க தம்பி" என்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அவகிட்ட சொல்லு" என்றார் அவர்.

மூன்றாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான். அவள் மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

இத்தனை வருஷமாக அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வெட்டினியா?"

"ஆமாக்கா."

"கூலி வேண்டாம்னது அதுக்குத்தானா? நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அவள் சுற்றிப்போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியை எடுக்கவில்லை. "ஏங்க, நீங்க அன்னிக்கே சொன்னீங்கல்ல" என்று கணவரிடம் மெல்லச் சொன்னாள். "நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்." அதைக் கேட்காதவன் மாதிரி அவன் இரண்டடி தள்ளி நின்றான்.

பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இப்பவே சேத்துக் குடு."

கருவிப் பை பைக்கில் இருந்தது. நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, கதவுப் பலகையைக் கழற்றினான். அவள் இறங்கிவந்து கணவர்மேல் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றி முடிக்க அரை மணி நேரமானது. மாட்டி முடித்ததும் அவர் விரலை வைத்து அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. ஏற்றினார். மறுபடி இறக்கினார். அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சாக்கெட்டை எடுத்ததும் சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அவனுக்கும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த தடவை வந்து அதே புகழைப் பாடியபோது, வேலையை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னான். ஒருவர் பரவாயில்லை என்றார். இன்னொருவர் பிறகு வரவில்லை. நர்ஸ் அக்காவின் காரும் வரவில்லை. வேறு கடைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் தெருவில் அவன் நடந்து போனபோது எதிரே அவர்கள் இருவரும் வருவது தெரிந்தது. சட்டென்று பக்கத்திலிருந்த நோட்டுப் புத்தகக் கடைக்குள் நுழைந்துகொண்டான். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு பேனா என்றான்.

அவர்கள் கடை வாசலைத் தாண்டும்போது நின்றார்கள். ஏதோ சண்டை.

"வீட்டுச் சாவியை நீங்கதான் எடுத்தீங்க" என்றாள் அவள்.

"நான் எடுக்கல." அவர் குரல் தெருவுக்கே கேட்டது. "நீதான் எங்கயோ... வெச்சிருக்க. பையைப் பாரு. நல்லாப் பாரு."

அவள் நடைபாதையிலேயே நின்று கைப்பையைக் குடைந்தாள். அடியிலிருந்து சாவி வந்தது.

"ஆமா. இங்கதான் இருக்கு" என்றாள்.

"பாத்தியா" என்றார் அவர். காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் மூன்று பேனாக்களை எடுத்து மேசைமேல் வைத்து, எது வேண்டும் என்று கேட்டார். அவன் எல்லாவற்றிலும் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை வெளியே வரவில்லை.