பதினாலு வார அளவு

ஸ்கேன் அறிக்கையை நாத்தனார் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தாள். மருந்துக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் வைத்தியம்.

"கர்ப்பப்பை பதினாலு வார அளவுன்னு போட்டிருக்கும்மா. மூணு மாசம் தாண்டியாச்சு. மகாராணி வாயே திறக்கல பாத்தியா."

கூரியர் ஆபீசில் நாள் முழுக்கப் பார்சல்களை எடை போட்டுவிட்டு வந்த மருமகள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. "என் பீரோவ யாரு திறந்தது?" என்றாள்.

நாத்தனார் அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கருப்பையில் நார்க்கட்டி வந்தால் மருத்துவர்கள் வீக்கத்தை வாரக் கணக்கில் சொல்வார்கள். பதினாலு வாரக் கர்ப்பத்தில் எவ்வளவு பெருத்திருக்குமோ அவ்வளவு என்று பொருள். அவளுக்கு நான்கு கட்டிகள். ஒன்று சாத்துக்குடி அளவு. அவற்றை எடுத்தால் கரு தங்க வழியுண்டு என்று மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் குறித்திருந்தார்கள். இதையெல்லாம் அவள் நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"கட்டியாம் கட்டி," என்றாள் மாமியார். "கட்டிக்கு எவளாவது வாரம் எண்ணுவாளா? வயித்துல இருக்கறத அழிக்கத்தானே நாள் குறிச்சிருக்க?"

"மாசத்துல பத்து நாள் ரத்தமா போகுது அத்தை. பிள்ளை இருந்தா போகுமா?"

"அத யாரு பாத்தா?" என்றாள் நாத்தனார்.

மருமகள் தன் கணவன் பக்கம் திரும்பினாள். "டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க. சொல்லுங்க."

அவன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அக்கா படிச்சதும் அதானே. எதுக்கும் வேற எடத்துல காட்டிட்டுப் பாக்கலாம்."

கல்லில்கூட நார் உரித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் தொடை வழியாகச் சூடாக இறங்கியது. கட்டி வந்த பிறகு அது நாள் பார்த்து வருவதில்லை. சாம்பல் நிறச் சீருடை முழங்கால்வரை நனைந்து, தரையில் இரண்டு சொட்டு விழுந்தது. வலியிலும் ஒரு நிம்மதி. இனியாவது நம்புவார்கள்.

மாமியார் தரையைப் பார்த்தாள். "கலைச்சிட்டாடி," என்றாள் மகளிடம். "வர்ற வழியிலயே மாத்திரையப் போட்டுட்டு வந்திருக்கா."

கணவன் எழுந்தான். துண்டு எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

"என்ன மாத்திரை போட்ட?" என்று கேட்டான்.

அவள் குளியலறைக்குப் போய்க் கழுவி, உடை மாற்றி வந்தாள். நாத்தனார் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"புருஷன் கையெழுத்து இல்லாம எந்த டாக்டர் கத்திய எடுப்பான்?" என்றாள் நாத்தனார்.

"பாத்ரூம்லருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். என் கையெழுத்தே போதுமாம். இப்பவே வந்து படுத்துக்கலாமாம்."

கணவன் வாசல்வரை வந்தான். "நமக்குப் பிள்ளை வேணும்னுதானே இவ்வளவும்?"

"எனக்கு வேணும்," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "நமக்கான்னு இனிமேதான் யோசிக்கணும்."